வயிறு நிறைந்துவிட்டது என்று சொன்ன பிள்ளை



பிள்ளையைப் படிப்புக்காகக் கடல் கடந்து அனுப்பிவிட்டு இரவில் நித்திரையின்றிப் புரளும் தாய்மார் இன்று நமது ஊர்களில் அநேகர். உங்களிலும் சிலர் அப்படி இருக்கலாம். அல்லது நாளை அந்த நிலை வரலாம். ஆகவே இம்மாதம் எனது சொந்தக் குடும்பத்தில் நடந்த ஒரு விடயத்தை உங்களுக்குச் சொல்லப் போகிறேன். தங்கையிடமும் மருமகனிடமும் அனுமதி கேட்ட பின்னரே எழுதுகிறேன்.

2023 நவம்பரில் ஓர் இரவு. இஷாத் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது என் தங்கை விறாந்தையில் உட்கார்ந்திருந்தாள். கையில் தொலைபேசி. கண்கள் சிவந்திருந்தன. அவளுடைய மூத்த மகன் அதற்கு முந்திய மாதம்தான் ஜப்பானிலுள்ள கோபே நகருக்குப் போயிருந்தான். முதலில் மொழிப் பாடசாலை, பிறகு பல்கலைக்கழகம் என்பது ஏற்பாடு. ஜப்பான் மொழி வீட்டில் பேசிப் பழகினால் விரைவாக வரும் என்பதற்காக, வயதான ஒரு தம்பதியரின் வீட்டில் தங்குவதற்குப் பாடசாலையே ஒழுங்கு செய்து கொடுத்திருந்தது.

"நானா, புள்ள மெலிஞ்சு போயிட்டான். கன்னமெல்லாம் உள்ளுக்குப் போயிட்டு. அந்தப் பொம்புள ஒண்டும் ஆக்கிக் குடுக்கிறாவில்லையோ தெரியா" என்றாள்.

"அவனிடம் கேட்டாயா?"

"கேட்டன். நல்லாச் சாப்பிடுறன் உம்மா எண்டுதான் சொல்றான். பொய் சொல்றான் நானா. எனக்குத் தெரியும்."

உடனே அவனோடு பேசச் சொல்லி என்னை நெருக்கினாள். மணியைப் பார்த்தேன். இங்கே ஒன்பது. ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணித்தியாலம் முந்தியது. அங்கே நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை. "தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம், நாளை அஸருக்குப் பிறகு பேசுகிறேன்" என்று சொல்லி அவளை அனுப்பி வைத்தேன்.

மறுநாள் பேசினேன். உம்மாவிடம் சொல்லாததை மாமாவிடம் சொன்னான்.

நடந்தது இதுதான். அந்த வீட்டுத் தாய் இவனை அன்போடுதான் வரவேற்றிருக்கிறார். பன்றி இறைச்சி கூடாது என்பது அவருக்கு முன்பே தெரியும், பாடசாலையில் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாளே இவனுக்கென்று மீனும் மரக்கறியும் ஆக்கி வைத்திருந்தார். இவனும் விரும்பிச் சாப்பிட்டான். மூன்றாம் நாள் குசினிப் பக்கம் போனவன், அவர் ஒரு போத்தலைச் சரித்து மீன் சட்டியில் ஊற்றுவதைக் கண்டான். போத்தலில் இருந்த எழுத்தைத் தேடிப் பார்த்தபோது அதன் பெயர் மிரின் என்றும், அரிசியில் செய்த இனிப்பு மது என்றும் தெரியவந்தது. ஜப்பானியச் சமையலில் இது சர்வ சாதாரணம். மீனின் வெடுக்கைப் போக்க, பதமான இனிப்பையும் மினுக்கத்தையும் கொடுக்க, மிரினையும் சாகே என்ற அரிசி மதுவையும் நாம் தேங்காய்ப் பால் விடுவதுபோல விடுவார்கள். அது மது என்ற நினைவே அவர்களுக்கு வராது.

இவன் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எழுபது வயதுத் தாய் இரண்டு மணித்தியாலம் நின்று தனக்காகச் சமைத்ததை எப்படி வேண்டாம் என்று சொல்வது என்று வெட்கப்பட்டான். மேசையில் இருந்து வெறும் சோறும் அவித்த முட்டையும் ஊறுகாயும் மட்டும் எடுத்துக்கொண்டு, "வயிறு நிறைந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு எழும்பினான். பிறகு அறையைப் பூட்டிக்கொண்டு பிஸ்கட் தின்றான். இப்படியே மூன்று வாரம்.

அந்தத் தாயும் ஒன்றும் கேட்கவில்லை. ஜப்பானியர் முகத்துக்கு நேரே மறுப்பதையும் குறை கேட்பதையும் பெரும்பாலும் தவிர்ப்பவர்கள். நமது பிள்ளைகளும் அப்படித்தானே? இரண்டு பக்கமும் மரியாதை. இரண்டு பக்கமும் மௌனம். அவர் ஒவ்வொரு நாளும் வேறு வேறு கறி ஆக்கிப் பார்த்திருக்கிறார். இவன் ஒவ்வொரு நாளும் வயிறு நிறைந்துவிட்டது என்றிருக்கிறான். கடைசியில் அவர் மொழிப் பாடசாலைக்கே போய், "என் சமையல் அவ்வளவு மோசமா? பிள்ளை சாப்பிடுகிறானில்லை. அவனுடைய தாய்க்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்று ஆசிரியையிடம் கேட்டாராம். அதை ஆசிரியை வந்து சொன்னபோதுதான் இவனுக்குச் சங்கதி விளங்கியது. இவன் பட்டினி கிடந்தான், அந்தத் தாய் அழுதார், இங்கே என் தங்கையும் அழுதாள். மூவரும் நல்லவர்கள். ஒருவர் வாய் திறந்திருந்தால் மூவரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

சகோதரிகளே! எனக்கு அப்போது எனது அரபுக் கல்லூரிக் காலம் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வயதில் ஊரை விட்டுப் போனவன் நான். கல்லூரியைச் சுற்றியிருந்த வீடுகளிலிருந்து முறை வைத்து எங்களுக்குச் சாப்பாடு வரும். ஒரு வீட்டிலிருந்து வரும் கறியின் உறைப்பை என்னால் தாங்கவே முடியாது. தண்ணீரைக் குடித்து விழுங்குவேன். அல்லது பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன். ஒரு நாள் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த வீட்டு உம்மா என் முகத்தைப் பார்த்து, "மகன், உறைப்புக் கூடவா? சொன்னாத்தானே மகன் தெரியும்" என்றார். அந்த ஒரு சொல்லில் நான் அழுதுவிட்டேன். அடுத்த முறையிலிருந்து எனக்கென்று ஒரு சிறிய பாத்திரத்தில் உறைப்புக் குறைத்த கறி வந்தது. அந்தத் தாய் இன்று உயிரோடு இல்லை. என் துஆவில் அவருக்கு இடமுண்டு.

ஆகவே மருமகனிடம், "இன்றே சொல்லிவிடு" என்றேன். "கோபிப்பாரோ மாமா?" என்றான். அவனுக்கு ஹபஷா நாட்டுச் சம்பவத்தை ஞாபகப்படுத்தினேன்.

அரசவையில் சொன்ன உண்மை

மக்காவில் கொடுமை தாங்காமல் ஸஹாபாக்கள் சிலர் கி.பி. 615ஆம் ஆண்டளவில் ஹபஷாவுக்கு, அதாவது இன்றைய எத்தியோப்பியா பக்கத்துக்குப் போனார்கள். அங்கே ஆண்டவர் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி. அன்னிய நாடு, அன்னிய மொழி, அன்னிய மார்க்கம். ஆனால் வரவேற்பு மட்டும் குறைவில்லை. இந்த வரலாற்றை நமக்கு விரிவாக அறிவித்தவரே ஒரு பெண்தான். பின்னாளில் நபி (ஸல்) அவர்களின் துணைவியாரான உம்மு ஸலமா (ரழி) அவர்கள் அந்தப் பயணத்தில் இருந்தவர். நல்ல அயலவரிடம் போய்ச் சேர்ந்தோம், அங்கே அமைதியாக இறைவனை வணங்கினோம் என்ற கருத்துப்பட அவர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

குறைஷிகள் ஆளனுப்பி, அன்பளிப்புகளும் அனுப்பி, இவர்களைத் திருப்பி அனுப்பும்படி கேட்டார்கள். அது பலிக்கவில்லை. மறுநாள், "ஈஸா (அலை) அவர்களைப் பற்றி இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்" என்று மன்னரைத் தூண்டினார்கள். அடைக்கலம் கொடுத்தவரின் நம்பிக்கையோடு நேரே மோதக்கூடிய கேள்வி அது! மழுப்பியிருக்கலாம். ஆனால் முஸ்லிம்கள் கூடி ஆலோசித்து, என்ன நடந்தாலும் உள்ளதையே சொல்வது என்று முடிவு செய்தார்கள். ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) அவர்கள் எழுந்து, பணிவோடும் தெளிவோடும் சொன்னார்கள். மன்னர் கோபிக்கவில்லை. அவர்களை அச்சமின்றி வாழ விட்டார். ஜஃபர் (ரழி) அவர்கள் ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு வரை அந்நாட்டிலேயே இருந்தார்கள்.

உயிர் போகக்கூடிய இடத்தில் அவர்கள் உண்மை சொன்னார்கள். ஒரு போத்தல் மிரினுக்காக நமது பிள்ளை பயப்படுகிறான்! உபசரிப்பவரை மதிக்கிறோம் என்பதன் அடையாளம் அவரிடம் மறைப்பதல்ல. நமது நிலையை விளங்கிக்கொள்ளும் பெருந்தன்மை அவரிடம் இருக்கிறது என்று நம்பிச் சொல்வதே உண்மையான மதிப்பு.

அன்றிரவு அவன் ஆசிரியையின் உதவியோடு மூன்று வசனம் பாடமாக்கிக்கொண்டு போனான். "உங்கள் சமையல் எனக்குப் பிடிக்கும். எங்கள் மார்க்கத்தில் மது சேர்ந்த உணவு கூடாது. முன்பே சொல்லாதது என் பிழை." அவ்வளவுதான். அந்தத் தாய் சற்று நேரம் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாராம். பிறகு அலுமாரியைத் திறந்து எல்லாப் போத்தல்களையும் பைக்கற்றுகளையும் மேசையில் பரப்பினார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தார்கள். மது உள்ளதற்கும் பன்றிக் கொழுப்பு உள்ளதற்கும் சிவப்புத் தாள் ஒட்டினார். மிரினுக்குப் பதிலாகக் கொஞ்சம் சீனி. இவனுக்கென்று ஒரு புதுச் சட்டி. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த வீட்டுப் பெரியவரே இவனை ரயிலில் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிவாசலைக் காட்டினார். அது ஜப்பானின் முதல் பள்ளிவாசல்; 1935இல் இந்திய, தாத்தாரிய முஸ்லிம் வியாபாரிகள் பணம் சேர்த்துக் கட்டியது. 1945 குண்டுவீச்சில் சுற்றுப்புறம் எரிந்தபோதும், 1995 ஜனவரி 17ஆம் திகதி பூகம்பத்தில் நகரமே குலுங்கியபோதும் அது விழாமல் நின்றது.

இரண்டு தாய்மார்

விடயம் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தங்கை மீண்டும் வந்தாள். இம்முறை வேறு கவலை. "நானா, அவன் அவவ உம்மா எண்டு கூப்பிடுறான்" என்றாள்.

ஜப்பானில் தங்கும் வீட்டுத் தாயை 'ஒகாஸான்' என்று அழைப்பது வழக்கம். அம்மா என்றுதான் பொருள். வெளியே போய் வந்தால் வாசலில் நின்று "ததாய்மா" என்று சொல்ல வேண்டும். வந்துவிட்டேன் என்று அர்த்தம். உள்ளே இருந்து "ஒகாயெரி" என்று பதில் வரும். வா மகனே, வந்தாயா என்பதுபோல. தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது அவன் வீட்டுக்குள் நுழைய, இந்தச் சொற்கள் தங்கையின் காதில் விழுந்திருக்கின்றன.

நான் அவளிடம் நியாயம் பேசவில்லை. அந்தத் தாயோடு ஒரு முறை முகம் பார்த்துப் பேசு என்றேன். "எந்தப் பாஷையில?" என்று கேட்டாள். ஆனாலும் பேசினாள், நானும் பக்கத்தில் இருந்தேன். அந்த முதியவர் குசினியிலிருந்து கட்டைபோல ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டினார். சூரை மீனை அவித்து, புகையிட்டு, காயவைத்துக் கல்லாக்கியது. அதைச் சீவித்தான் அவர்கள் சூப்புக்கு ருசி சேர்க்கிறார்கள். தங்கை ஒரு கணம் பார்த்தாள். பிறகு எழும்பி ஓடிப்போய் நமது மாசித் துண்டைக் கொண்டுவந்து காட்டினாள். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, இந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. பிள்ளை நடுவில் நின்று மொழிபெயர்க்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பிறகு தங்கை 'அந்தப் பொம்புள' என்று சொல்வதில்லை. 'கோபே ராத்தா' என்றுதான் சொல்கிறாள்.

அடுத்த வருடம் மார்ச்சில் றமழான் வந்தது. ஸஹருக்காக நீங்கள் எழும்ப வேண்டாம் என்று மருமகன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஆகவே அந்தத் தாய் இரவே சோற்றை உருண்டையாக்கி, உலர்ந்த கடற்பாசித் தாளில் சுற்றி, மூடி வைத்துவிட்டுப் படுப்பாராம். நாம் நோன்புக்குக் காய்ச்சும் கடற்பாசியைப் பக்குவம் செய்யும் முறையும் 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் தோன்றியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் அதைப் பாலில் காய்ச்சி அவர்களுக்குக் கொடுத்திருக்கிறான்.

ஊர் நினைவு பலவீனமல்ல

இவ்வளவு அன்பு கிடைத்தும் சில இரவுகளில் அவனுக்கு அழுகை வருமாம். டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே மஃரிப். இருட்டு, குளிர். "நன்றி கெட்டவனாகிவிட்டேனோ மாமா?" என்று கேட்டான்.

மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரழி) என்ற இளைஞரும் அவரது வயதையொத்த தோழர்களும் மார்க்கம் படிக்க மதீனாவுக்கு வந்து நபி (ஸல்) அவர்களிடம் இருபது இரவுகள் தங்கிய செய்தி புகாரியில் வருகிறது. அவர்களைவிடச் சிறந்த உபசரிப்பாளர் யார்? அப்படியிருந்தும் அந்த இளைஞர்களுக்கு வீட்டு நினைவு வந்தது. நபியவர்கள் அதை முகத்திலேயே அறிந்துகொண்டார்கள். ஊரில் யாரை விட்டு வந்தீர்கள் என்று அன்போடு விசாரித்து, குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று கற்றதை அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று அனுப்பி வைத்தார்கள். கண்டிக்கவில்லை, கேலி செய்யவுமில்லை. வீட்டை நினைத்து அழுவது நன்றிகேடு அல்ல. நல்ல வீட்டில் வளர்ந்த பிள்ளை என்பதற்கு அது சாட்சி.

தொழுகைத் திசை பற்றி அவன் சொன்ன ஒரு விடயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மக்காவுக்கு இலங்கையை விட ஜப்பான் எவ்வளவோ தூரம். ஆனால் திசைகாட்டியில் கொழும்புக்குக் கிப்லா ஏறக்குறைய 295 பாகை, கோபேக்கு 291. பூமி உருண்டை என்பதால் இப்படி அமைகிறது. மேற்கிலிருந்து சற்று வடக்கே சரிந்து, இங்கே எந்தப் பக்கம் திரும்பித் தொழுதானோ அநேகமாக அதே பக்கம்தான் அங்கேயும். "முஸல்லாவில் நின்றால் மட்டும் வீட்டில் நிற்பதுபோல இருக்கிறது மாமா" என்றான்.

தாய்மார் கற்றுக்கொடுக்க வேண்டியவை

பிள்ளையை அனுப்பும் முன் பெட்டியில் என்ன வைப்பது என்றே யோசிக்கிறோம். அதைவிட முக்கியமான சில உண்டு.

முதலாவது, முடியாததை முதல் நாளே இனிமையாகச் சொல்லப் பழக்குங்கள். எது கூடாது, எப்போது தொழ வேண்டும், நோன்பு எப்போது என்று எழுதிக் கொடுத்தால் இரு தரப்புக்கும் இலேசு. "முடியாது" என்பதோடு "இது முடியும்" என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மீனும் முட்டையும் மரக்கறியும் ஆகும் என்று தெரிந்தால் சமைப்பவர் மனம் ஆறும்.

இரண்டாவது, அந்த வீட்டின் ஒழுங்கை அமானிதமாகக் கருதப் பழக்குங்கள். ஜப்பானிய வீட்டில் சப்பாத்தை வாசலிலேயே கழற்ற வேண்டும். பாய் விரித்த அறையில் உள்செருப்பும் கூடாது. குளிக்கும்போது முதலில் வெளியே நின்று சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டே தொட்டியில் இறங்க வேண்டும். அந்த வெந்நீர் வீட்டார் எல்லோருக்கும் பொது. குப்பையை வகை பிரித்து அந்தந்த நாள் காலையில் வைக்க வேண்டும். நமது பிள்ளை முகம் கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்து வுழூச் செய்துவிட்டு நிலமெல்லாம் தண்ணீராக்கி வந்தால் அவர்களுக்கு எப்படியிருக்கும்? மருமகன் ஒரு துவாயை அதற்கென்றே வைத்துத் துடைத்துவிட்டு வருகிறான். விருந்தாளி வீட்டாரைச் சங்கடப்படுத்தும் அளவுக்குத் தங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நாள் கணக்கில் மட்டுமல்ல, நமது பழக்கங்களாலும் சங்கடம் நேரலாம்.

மூன்றாவது, ஆண் பிள்ளைக்கும் சோறும் பருப்பும் ஆக்கக் கற்றுக்கொடுங்கள். உபசரிக்கும் வீட்டில் ஒரு வேளை நாம் சமைத்துக் கொடுப்பதைவிடச் சிறந்த நன்றி இல்லை.

நான்காவது உங்களுக்கு. நேர வித்தியாசத்தை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கவலைக்காகப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டால் "ஆம்" என்றுதான் பதில் வரும். "என்ன சாப்பிட்டாய்? யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். உண்மை அதில் வெளிவரும்.

கடைசியாக ஒரு கேள்வி

சகோதரிகளே! இதுவரை நமது பிள்ளைக்கு மற்றவர் செய்த நன்மையைப் பேசினோம். இனி நமது வீட்டுக் கதவைப் பார்ப்போம். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தூர ஊர்களிலிருந்து வந்த சிங்கள மாணவ மாணவியரும் படிக்கிறார்கள். அங்கு மட்டுமல்ல, எந்தப் பல்கலைக்கழகத்தை அண்டியும் பிள்ளைகளுக்கு அறை கொடுக்கும் வீடுகள் உண்டு. அப்படியொரு பௌத்தப் பெண் பிள்ளை உங்கள் வீட்டில் தங்கியிருக்கலாம். நீங்கள் ஆசையோடு மாட்டிறைச்சிக் கறி ஒரு கோப்பை அனுப்பியிருக்கலாம். அவள் அதை உண்ணாதவளாக இருக்கலாம். சொல்ல வெட்கப்பட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று சிரித்திருக்கலாம். அறைக்குள் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கலாம். மொனராகலையிலோ மாத்தறையிலோ அவளுடைய தாய், தொலைபேசியில் மகளின் கன்னத்தைப் பார்த்துக் கண் கலங்கிக் கொண்டிருக்கலாம்.

அவளிடம் கேட்டீர்களா?

மருமகன் இப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறான், தனியறையில் இருக்கிறான். ஆனாலும் விடுமுறை நாளில் அந்த வீட்டுக்குப் போய் வாசலில் நின்று "ததாய்மா" என்று சொல்வானாம். சிவப்புத் தாள் ஒட்டிய போத்தல்கள் இன்னும் அப்படியே இருக்கின்றனவாம். அந்தத் தாய்க்கு அல்லாஹ் நேர்வழியையும் நீண்ட ஆயுளையும் நல்குவானாக. நமது வீடுகளும் யாரோ ஒரு தாயின் பிள்ளை நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கும் வீடுகளாக அமையட்டும். ஆமீன்.

வஸ்ஸலாம்.